முணுமுணுத்த கை

1

இந்தக் கதைக்குக் காரணம் என் முழங்கால். அதை நீவிவிட்டுக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா, நான் கத்தாமலிருக்கப் பேச்சுக் கொடுத்தார்: "இங்க ஒரு டீச்சர் வந்தாங்க. தோள் இறுகினதும் அவங்க பேச்சே சின்னதாப் போயிடுச்சு."

எனக்கு அந்த ஒரு வரி போதும். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ஒருநாள் காலையில் அவள் கண்விழித்தபோது வலதுதோள் கல்லாகி

(அடித்துவிட்டேன். உறைதோள் என்கிற இந்தத் தோள் இறுக்கம் அப்படி ஒரே இரவில் வந்து குதிக்காது. நைசாக வரும்.)

பின்னல் போடக் கை பின்னால் போகவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சுளுக்காக இருக்கும் என்று தைலம் தேய்த்தாள். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவள் ஆசிரியை. கணவனுக்கும் காது கேட்காது. மரச்சாமான் பட்டறையில் வேலை. வீட்டில் பேச்சு முழுக்கக் கைகளால்தான். அவள் சரியான வாயாடி, அதாவது கையாடி. (பணத்தைக் கையாடியதாக நினைத்துவிடாதீர்கள்.)

வலி ஏற ஏற, கை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவிலேயே நின்றுவிட்டது. உயரத்தில் காட்ட வேண்டிய சொற்களெல்லாம் கூனிக் குறுகின.

"இப்பல்லாம் ஏன் எங்கிட்ட முணுமுணுக்குற? என்னைப் பிடிக்காமப் போச்சா?" என்று அவன் கைகள் கேட்டன.

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்குத்தான் வலியைச் சொன்னாள்.

3

இந்த இடத்தில் கணவனைத் தங்கக்கம்பியாக எழுதியிருந்தேன். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனானாம். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இறுகிய இழுப்பறையை இழுத்துத் திறந்தே பழகியவன் அவன்.

அவள் பின்னால் நின்று, கையைப் பிடித்து ஒரே வீச்சில் மேலே தூக்கினான். அவள் அலறினாள். அவனுக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினான். எதிரே இருந்த கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான்

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை.)

அதற்குப் பிறகு பல நாள் கைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டே திரிந்தான். அந்த வீட்டில் அதற்குப் பெயர் பேச்சுவார்த்தை இல்லை என்பது.

4

"எலும்புல ஒண்ணும் இல்லம்மா," என்றார் பிசியோ அம்மா, கடைசியில் தன்னிடம் வந்து சேர்ந்தவளிடம். "மூட்டைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அது தடிச்சு, துவைச்சுச் சுருங்குன சட்டை மாதிரி பிடிச்சிருக்கு. வெடுக்குனு இழுக்கவும் கூடாது, வலிக்குதேன்னு அசைக்காம வைக்கவும் கூடாது. மெதுவாத்தான் விடும். மாசக்கணக்கு, ஏன், வருஷம்கூட ஆகலாம். சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது அதிகமா வரும், பார்த்தீங்களா?"

பார்த்தாள், இருந்தது. அதற்கு மருந்து தொடங்கினாள். எலும்பு டாக்டர் மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டார். வலி தணிந்ததும் பயிற்சி: குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களை எறும்புபோல் ஊரவிட்டு மேலே ஏற்றுவது.

கணவனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் வாசலோடு நின்றுவிட்டான். "நான் தொட்டா வலிக்கும்" என்று காட்டியதை அவளே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"தொடவே வேணாம். எதிர்ல நின்னு முகத்தைப் பாருங்க. லேசா இழுத்தாப் பரவாயில்ல. ரொம்ப வலிக்குதுன்னு தெரிஞ்சா நிறுத்தச் சொல்லுங்க."

அவள் வாய் "வலிக்கல, வலிக்கல" என்று புளுகியது. அவன் புருவத்தைப் பார்த்தே கைகாட்டி நிறுத்தினான். அவள் வெறுமனே பயந்து தயங்கிய நாட்களில், "இன்னும் போகும், போ" என்றும் காட்டினான். கைகள் சட்டைப்பையைவிட்டு வெளியே வந்துவிட்டன.

5

முடிவு ஒன்று: பள்ளி விழா மேடையில் இரு கைகளையும் வானத்துக்கு உயர்த்துகிறாள். அரங்கமே எழுந்து

(வேண்டாம். கைதட்டலோடு முடியும் கதை என்றால் எனக்கே சந்தேகம் வரும்.)

முடிவு இரண்டு: கொஞ்ச காலம் கழித்து இடதுதோள்

(சிலருக்கு இதுவும் நடப்பதுண்டு. எழுத மனம் வரவில்லை.)

என்னிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். பயிற்சிக்கூடத்தில் இருவருக்கும் சண்டை. அவன் குடையைப் பேருந்திலேயே விட்டுவிட்டான். "வெளிய பாரு, எப்படிக் கொட்டுதுன்னு!" அவர்கள் மொழியில் மழை தலைக்கு மேலிருந்துதான் இறங்க வேண்டும். கோபத்தில் அவள் வலதுகை நெற்றியைத் தாண்டி ஏறி, கொட்டோகொட்டென்று கொட்டியது. அவனும் சளைக்காமல் பதிலுக்குக் கை வீசினான். அவள் கை அவ்வளவு உயரம் போனதை இருவருமே கவனிக்கவில்லை. பிசியோ அம்மா கவனித்தார். சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார்.

இனி அவளிடம் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அவசரமில்லை. சண்டை முடியட்டும், அவள் இப்போதுதான் குரலை உயர்த்தியிருக்கிறாள்.