துரைக்கு ஒத்துக்கொள்ளும் ஆயில்

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு என் கணவர் காருக்கு அடியில் படுத்து, பழைய என்ஜின் ஆயிலை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டார். பில்டரையும் மாற்றினார். புதிதாக எந்த ஆயிலை ஊற்றுவது என்று அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தார். எனக்கு ஏன் ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் கேட்டால் இவரைத்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

மறுநாள் காலை அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். முட்டி ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவள் சும்மா இருந்தாளா? "எங்க மாப்பிள்ளை ஐரோப்பாக் காரு வாங்கியிருக்காரு, அதுலதான் நான் வீட்டுக்குப் போவேன்" என்று வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். "வேற எதுலயாவது ஏறச் சொன்னே, இந்தக் கட்டில விட்டே இறங்க மாட்டேன்" என்று என்னிடம் வேறு மிரட்டல். வேறு வழியில்லாமல் நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். என் அம்மா சொன்னால் செய்வாள்.

கார் பழசுதான், ஆனால் பார்க்கப் புதுசு. நான் அதற்குத் துரை என்று பேர் வைத்திருந்தேன். வந்த நாளிலிருந்து துரை போர்வையைப் போர்த்திக்கொண்டு ஷெட்டில் தூங்குகிறார், வாங்கினவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறார்.

மத்தியானம் ஆயில் வாங்கக் கிளம்பியவர் சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார்.

"ஆயில் எங்கங்க?"

"அவசரப்படாத. பைவ் டபிள்யூ தர்ட்டியா, பைவ் டபிள்யூ பார்ட்டியான்னு இன்னும் முடிவாகல."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"என்ஜின் சூடானப்புறம் எது கெட்டியா நிக்கும்ங்கறதுதான். அதோட இது டீசல் வண்டி. புகையை வடிகட்ட ஒரு பில்டர் இருக்கு. சாம்பல் அதிகமா விடுற ஆயிலா இருந்தா அது அடைச்சுக்கும். ஐரோப்பாக்காரன் வண்டிடி, கண்டதையும் ஊத்த முடியுமா?"

அதற்குப் பிறகு போனும் அவரும்தான். யூடியூபில் ஒரு தாடிக்காரன் தர்ட்டிதான் என்றான். ஒரு மொட்டைத்தலையன் வந்து தாடிக்காரனை முட்டாள் என்றான். இவர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். காபி ஆறிப்போய் ஆடை கட்டியது.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். தலைவலிக்கு எது நல்லது என்று ஊரில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். டாக்டர் சீட்டில் எழுதியதைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன். இந்தக் காருக்கும் யாராவது சீட்டு எழுதியிருப்பார்களே என்று போய் டேஷ்போர்டைத் திறந்தேன். உள்ளே காரோடு வந்த கையேடு கிடந்தது. புரட்டினால், ஆயிலுக்கென்று ஒரு பக்கம் முழுசாக இருந்தது. முழு சிந்தெடிக், பைவ் டபிள்யூ தர்ட்டி, அதோடு கார்க் கம்பெனியே சோதித்து ஒப்புக்கொண்ட ஆயிலுக்கான ஒரு நம்பர்.

"சட்டையை மாட்டுங்க, கடைக்குப் போலாம்" என்றேன்.

கடையில் எல்லா டப்பாவின் முகத்திலும் மின்னலும் ரேஸ் காரும் பாய்ந்துகொண்டிருந்தன. நான் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி டப்பாக்களைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். ஒன்றில் தர்ட்டி இருந்தது, நம்பர் இல்லை. இன்னொன்றில் அந்த நம்பர் கேட்கிற வண்டிகளுக்கு ஏற்றது என்று மழுப்பியிருந்தது. மூன்றாவதில், கார்க் கம்பெனி அங்கீகரித்தது என்று நேராகவே நம்பரைப் போட்டிருந்தான். அதை எடுத்து இவர் கையில் திணித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார். முகத்தில் ஒரு துளி சந்தோஷம் இல்லை.

வீட்டுக்கு வந்து ஊற்றினோம். கம்பியை விட்டு அளவு பார்த்தோம். எல்லாம் சரி. துரை ஸ்டார்ட் ஆகி நல்ல பிள்ளையாக உறுமினார். அணைத்துவிட்டு இவர் வானத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு மழை வரும் போலருக்கே."

"வரட்டும்."

"டயர்ல காத்து வேற கம்மியா..."

"என்னங்க பிரச்சினை உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

அவர் பேனட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "எனக்குப் பயமா இருக்கு" என்றார். "வித்தவர்தான் இதை ஓட்டிட்டு வந்து விட்டுட்டுப் போனாரு. நான் இன்னும் வாசல் கேட்டைத் தாண்டல. எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா? எங்கயாவது இடிச்சு ஒரு கீறல் விழுந்தாலும் எனக்குத் தாங்காது."

ஆயிலைத் தேடிய அழகு இப்போதுதான் புரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு மனுஷன் தினமும் பஸ்ஸில் போயிருக்கிறாரே!

காலையில் நான்தான் ஓட்டினேன். மருந்துக்கடை வேனை ஓட்டிய கைக்குத் துரையும் அடங்கினார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அம்மா சக்கர நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் கையை ஆட்டினேன். கேட் தூண் கர்ரென்று துரையின் விலாவை உரசியது.

எனக்கு உயிரே போய்விட்டது. இவர் இறங்கிப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழ நீளத்துக்குக் கீறல். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், அழுதுவிடுவாரோ என்றும் பயந்தேன். பேண்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஜுரம் விட்ட முகமாக இருந்தது.

"இறங்கு" என்றார். "நீ அத்தைகூடப் பின்னால உக்காரு."

அம்மாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றினோம். "என்ன மாப்பிள்ளை, ஏதோ சத்தம் கேட்டுதே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அத்தை" என்று சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இனிமே இதை ஓட்டலாம்."