முதலிடத்தில் நின்ற கார்

கார் ஓட்ட விளையாட்டில் தோற்றவர் அப்பா தம்பையாவிடம் சொல்ல வேண்டும். இதுதான் விஜேந்திரனுக்கும் மனைவி ஜெயந்தினிக்கும் பந்தயம். பதுளை டவுனில் வாடகைக்குப் பார்த்து வைத்த ஒற்றை அறைக்கு ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டுப் போகிறோம் என்று, மனைவியை இழந்து தனியாளாகிவிட்ட அப்பாவிடம் எப்படி வாயைத் திறப்பது? விஜேந்திரனுக்கு அவர் முன்னால் போய் நின்றாலே பேச்சு வராது.

மூன்று வாரமாகத் தோற்றது அவன்தான். ஒவ்வொரு முறையும் கையடக்கக் கேம் கருவிமேல் பழியைப் போட்டான்.

"எமுலேட்டர் இழுக்குது ஜெயந்தினி, இது கணக்குல சேராது."

முழுப் பொய்யும் இல்லை. பழைய கார் ஓட்ட விளையாட்டின் ஒவ்வொரு கட்டளையையும் எமுலேட்டர் என்ற மென்பொருள், ஆட்டம் ஓட ஓடக் கருவிக்குப் புரியும்படி பெயர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மலிவுக் கருவிக்கு மூச்சு முட்டியது. அதனால் ஃபோன் கடை வேலை முடிந்ததும் உட்கார்ந்து, எல்லாக் கட்டளைகளையும் முன்கூட்டியே பெயர்த்து வைக்கும் ரீகம்பைலேஷனில் இறங்கினான். மென்பொருளுக்குத் தானாகப் பிடிபடாத இடங்களை, விளையாடி அங்கே போய்ப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தான். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசப் பயந்தவன் பட்ட பாட்டைப் பாருங்கள்!

ஞாயிறு மத்தியானம் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. விஜேந்திரன் மூன்றாவதாக வந்தான். ஜெயந்தினி கருவியை வாங்கினாள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தான். வெளியே தம்பையா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நின்னுபோச்சு!"

முடிவுக் கோட்டை முதலாவதாகத் தாண்டிய கார் அப்படியே நின்றிருந்தது. திரையின் அடியில் ஒரு வரி: இந்தப் பகுதி பெயர்க்கப்படவில்லை. விஜேந்திரன் கருவியை வாங்கிப் பார்த்தான். சோதித்துப் பார்த்த நூற்றுக்கணக்கான ஓட்டங்களில் ஒன்றில்கூட அவன் முதலாவதாக வந்ததில்லை.

"இதுவும் கணக்குல சேராதா?" என்றாள். கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

கருவி கெட்டுவிட்டது என்று சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள். அறையும் கைவிட்டுப் போய்விடும். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நீ ஜெயிச்சதாலதான் நின்னுச்சு. நான் ஒரு தடவகூட ஜெயிக்கல, அதனால அந்த எடத்தச் சேக்கவே இல்ல."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

போனான்.

"அப்பா, நாங்க டவுனுக்குக் குடி போறோம்."

தம்பையா கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்கும் எடம் இருக்குமா?"

திட்டினால் என்ன சொல்வது, கத்தினால் என்ன சொல்வது என்று மூன்று வாரமாக யோசித்து வைத்திருந்தான் விஜேந்திரன். இந்தக் கேள்வியை அவன் அதில் சேர்த்திருக்கவே இல்லை.