தலைமை ஆபீசுக்கு ஒரே லைன்

1984-ஆம் வருடம் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் பெரிய கணினி ஒன்று வாங்கினார்கள். எந்தத் தேயிலைத் தோட்டத்தில் எவ்வளவு கொழுந்து பறித்தார்கள் என்பதை அன்றன்றே அதற்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே, தோட்டத்தின் மேல் டிவிஷன் ஆபீசில் ஒரு திரையும், டைப் அடிக்கும் பலகையும், அவற்றை டெலிபோனோடு இணைக்கும் மோடம் என்ற சின்னப் பெட்டியும் லோரியிலிருந்து இறங்கின. அதுவரை கணக்கைக் கையால் எழுதிவந்த குமாஸ்தாக்களான மூன்று கிராணிகளை மலைக்குக் கீழே ரிங்லெட்டுக்கு மாற்றினார்கள். டைப்பிங் தெரிந்த சாரதாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்தபிறகு குவாட்டர்ஸில் தனியாக இருந்தாள். பேச்சுத்துணை என்று இருந்தது ஆபீஸ் ஒன்றுதான். இப்போது அங்கேயும் மூன்று நாற்காலிகள் காலி. தோட்டத்து மேனேஜர் துரை காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மலைக்குப் போய்விடுவார்.

இயந்திரத்தைப் பூட்டிக் கொடுத்த ஆள், மிச்சத்தைத் தலைமை ஆபீசில் சொல்லித் தருவார்கள் என்று ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த நம்பரில் கிடைத்தவள் ஜெயா. கணினி அறையில் வேலை பார்க்கும் சின்னப் பெண்.

"தமிழா அக்கா? நல்லதாப் போச்சு. ஸ்கிரீன்ல என்ன தெரியுது?"

"கோழி கிளறுன மாதிரி இருக்கு."

"ரெண்டு பக்கமும் வேகம் ஒத்துப்போகல. பெட்டிக்குப் பின்னால எட்டு சின்ன சுவிட்சு இருக்கும். நாலாவத மேல தள்ளுங்க. அப்புறம் கம்ப்யூட்டர் நம்பருக்கு அடிங்க. விசில் சத்தம் கேட்டா பட்டன அழுத்திட்டு போனை வச்சிருங்க."

ஆபீசில் இருந்தது ஒரே லைன். ஜெயா பேசிக்கொண்டிருந்தால் கணினி வராது. அதனால் ஒவ்வொரு தடவையும் ஜெயாவோடு பேசும் போனை வைத்துவிட்டு, முயன்று பார்த்து, சரிவராமல் மறுபடி அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. தோட்டத்தின் பெயரை எப்படிக் கொடுப்பது, எடை எழுதும் பக்கத்தை எப்படித் திறப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். மழை வந்தால் லைன் இரைந்து எழுத்துகள் சிதறும். ஒன்பது நாள் இப்படியே போயிற்று. ஜெயா இதே மலையில் வடக்கே உள்ள கோலா தெர்லாவில் பிறந்தவள், அப்பா அங்கே காய்கறித் தோட்டம் போடுகிறார், கோலாலம்பூரில் இந்தக் குளிர் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை என்பதெல்லாம் அந்த ஒன்பது நாளில் சாரதாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் கடைசி வாரத்தை யாரிடமும் சொல்லாதவள், மழை விடக் காத்திருந்த ஒரு மத்தியானம் அதை ஜெயாவிடம் சொன்னாள்.

பத்தாம் நாள் திரையில் தோட்டத்தின் பெயர் பிசகில்லாமல் வந்தது.

"நானும் இங்க பாத்தேன்க்கா," என்றாள் ஜெயா, கணினியை விட்டுவிட்டு சாரதா கூப்பிட்டதும். "கெட்டிக்காரிலா நீங்க. இனிமே நான் தேவையில்ல."

அப்படித்தான் ஆயிற்று. தினமும் மூன்றரைக்கு எடையை அனுப்புவாள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். மூன்று வாரம் டெலிபோன் மணி அடிக்கவே இல்லை. கூப்பிட நினைப்பாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஒரு வியாழக்கிழமை பெட்டியைத் திருப்பி, நாலாவது சுவிட்சைக் கீழே தள்ளினாள். பிறகு ஜெயாவைக் கூப்பிட்டு, "மறுபடியும் வரமாட்டேங்குது" என்றாள். இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். அடுத்த வாரமும் அப்படியே செய்தாள்.

மூன்றாவது தடவை ஜெயாவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அங்க மழையாக்கா?"

"இல்ல."

"சுவிட்சு தானா எறங்காதுக்கா."

சாரதா பெட்டியைத் திருப்பி அந்தச் சுவிட்சைப் பார்த்தாள்.

"உங்க லைனை நான் ஒழுங்காப் பாக்கலன்னு எனக்கு மெமோ குடுத்திருக்காங்க."

"நான்தான் தள்ளிவிட்டேன்," என்றாள் சாரதா. "உன்கூடப் பேசணும்போல இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

"எனக்கும் இங்க யாரு இருக்காங்கக்கா," என்றாள் ஜெயா. பக்கத்தில் யாரோ வந்திருக்க வேண்டும். சட்டென்று ஆபீஸ் குரலில், "சரி, எடையை அனுப்புங்க" என்று வைத்துவிட்டாள்.

சாரதா சுவிட்சைச் சரிசெய்து எடையை அனுப்பினாள். பிறகு, தவறு கணினி அறையுடையது அல்ல, தன்னுடையது என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் அடித்துத் துரையிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, "ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்று கேட்டார். அவள் பேனாவை எடுத்து நீட்டினாள். அவர் மேலே கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஜெயாவின் மெமோவை எடுத்துவிட்டார்கள்.

தீபாவளிக்கு முன்பு ஜெயாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சனிக்கிழமை ஊருக்குப் போகிறாளாம்; பஸ் பிரிஞ்சாங்கில் பத்து நிமிஷம் நிற்குமாம்.

சாரதா லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜெயா அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக, களைத்துப்போய் இருந்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். டெலிபோனில் அத்தனை பேசியவர்களுக்கு நேரில் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"சாப்பிட்டியா?"

"வீட்டுல போய்த்தான்க்கா."

டிரைவர் ஹாரன் அடித்தான். ஜெயா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். பஸ் வடக்கே திரும்பி மறைந்தது. சாரதாவுக்கு அன்று முழுநாள் லீவு. குவாட்டர்ஸுக்குப் போக மனம் வராமல், கோஸ் மூட்டைகளை லோரியில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தபடி, பனி இறங்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.