வெறும் வயிற்றில்

காலை ஏழு பதினைந்துக்கு லேபில் ஆஷாவின் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

ரத்தம் எடுக்கும் ஷிபா ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேல் இறுக்கினாள். அவள் தமிழ்நாட்டு எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. ஆஷாவிடம் மட்டும் தமிழில் பேசுவாள்.

"வெறும் வயித்திலதானே சேச்சி?"

"ஆமா."

"காப்பி, பால்?"

"காப்பியை விட்டு மூணு வாரம் ஆச்சு."

"பின்னே எப்படி ஏறுது? ராத்திரி ஒளிச்சு லட்டு தின்னுதீங்களா?"

ஆஷா சிரிக்கவில்லை. ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்குப் போனில் சர்க்கரை அளவின் முடிவு வந்தது. நூற்றுப்பதினான்கு. தொண்ணூற்றைந்துக்குள் இருக்க வேண்டும். போன வாரம் நூற்றுப்பதினொன்று. அதற்கு முந்தைய வாரம் நூற்றொன்பது.

கர்ப்பத்தின் இருபத்தாறாவது வாரம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அதனால் இந்தத் தடவை அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தொடங்கினாள். கீரை, பயறு, தயிர் என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினாள். அலுவலக டிபன் பாக்ஸில் சுண்டல் கொண்டுபோனாள்.

சர்க்கரை என்று சொன்ன நாளிலிருந்து சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தாள். டாக்டர் அரிசியைப் பாதியாக்கச் சொன்னார். அவள் ராத்திரிச் சோற்றை முழுதாக நிறுத்தினாள். எண் இறங்கவில்லை. மத்தியானச் சோற்றையும் நிறுத்தினாள். பிறகு பழத்தை. சாயங்காலம் ஸ்ரீவராகம் குளத்தைச் சுற்றி நடந்தாள். ஐந்து சுற்று, பிறகு எட்டு. வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

முடிவோடு போனபோது டாக்டர் ஸ்கேன் தாளை மேஜைமேல் வைத்தார். மலையாளத்தில்தான் பேசினார்.

"எண் ஏறுகிறது, குழந்தை ஏறவில்லை. குழந்தையின் வயிற்றளவு இரண்டு வாரம் பின்னால் இருக்கிறது. நீ ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறாய். பட்டினி கிடக்கச் சொன்னேனா நான்?"

"சாப்பிட்டால் ஏறுமே, டாக்டர்."

"சாப்பிட்ட பிறகு எடுத்ததெல்லாம் சரியாக இருக்கிறது. காலையில் மட்டும்தான் ஏறுகிறது. சிலருக்கு அப்படித்தான். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம். அன்றும் இப்படியென்றால் ராத்திரி இன்சுலின்."

வீட்டிலேயே பார்க்க ஒரு சிறிய கருவி வாங்கச் சொன்னார். கணவன் கைலாஷ் அன்று சாயங்காலமே வாங்கி வந்தான்.

"என் விரல்லயும் ஒரு குத்து குத்து. நான்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தின்னுண்டு இருக்கேன்."

"விளையாடாதே, கைலாஷ்."

அவன் முகத்தைக் கழுவப் போனான்.

புதன்கிழமை காலை தெருக்கோடிக் கிருஷ்ணன் கோவிலில் நடை திறக்கவில்லை. கிணற்றில் பூனை விழுந்து செத்துக் கிடந்தது. தலைமைப் பூசகரான தந்திரி வந்து சுத்தி செய்தபிறகுதான் பூஜை.

மாமியார் சூடாமணி கோவில் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். கையில் தூக்குப் பாத்திரம் காலியாக இருந்தது.

"ஒன்பது மணி ஆகுமாம். அதுவரை நீ ஒண்ணும் சாப்பிடப்படாது, கேட்டியா? முதல்ல அதுதான் வாயில படணும்."

நாற்பத்தொரு நாள் பால்பாயசம் நேர்ந்திருந்தார். தினமும் ஆறேகாலுக்குத் தூக்கோடு வருவார். சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, ஆஷாவைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, ஸ்பூனால் தன் கையாலேயே ஊட்டுவார். பல் தேய்த்த வாயில் முதலில் அது. பிறகுதான் தண்ணீர்கூட. ஏகாதசி உபவாசத்தில்கூடப் பிரசாதம் கணக்கில் வராத வீடு. அது சாப்பாடு என்று ஆஷாவுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஏழு மணிக்கு விரலைக் குத்தினாள். எழுபத்தொன்பது.

கருவி பழுது என்று நினைத்தாள். அடுத்த விரலைக் குத்தினாள். எண்பத்தொன்று.

எழுந்து கொல்லைக் கதவுவரை போனாள். திரும்பி வந்தாள். குப்பையில் கிடந்த சோதனைப் பட்டை இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். மூன்று வாரமாக எதைக் குறைத்தும் இறங்காத எண், புதிதாக எதையும் குறைக்காத இந்த ஒரு நாளில் இறங்கியிருந்தது. இன்றைக்கு என்ன இல்லை என்று யோசித்தாள். அடுக்களை மேடைமேல் காலித் தூக்கு இருந்தது.

வியாழக்கிழமை சூடாமணி வருமுன் குத்தினாள். எண்பது. ஆறேகாலுக்குக் கிழக்கே பார்த்து நின்றாள். வாயைத் திறந்தாள். பாயசம் வழக்கம்போல் கெட்டியாக, தொண்டை கரகரக்கும் இனிப்போடு இறங்கியது. ஏழே காலுக்குக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி குத்தினாள்.

நூற்றிருபத்தொன்று.

குளியலறையை விட்டு வந்து நேராக அடுக்களைக்குப் போனாள். இட்லிக் கொப்பரையைத் திறந்து நின்றபடியே ஆறு இட்லி தின்றாள். மிளகாய்ப்பொடி இல்லை, சட்னி இல்லை. கடைசி இட்லியில் அழுகை வந்தது. அதையும் விழுங்கினாள்.

சாயங்காலம் கைலாஷிடம் சொன்னாள். அவன் கருவியை வாங்கி எண்களைப் பார்த்தான். திருப்பித் தந்தான்.

"லேபுல கேட்டப்ப நீ சொல்லலையா?"

"ஏதாவது சாப்ட்டியான்னு கேட்டா. சாப்பிடலைன்னேன். பொய் சொல்லலை."

"அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நீ சொல்லு."

"நானா? முப்பத்திநாலு நாள் ஆயிருக்கு. இன்னும் ஏழுதான். பேசாம இன்சுலினைப் போட்டுண்டுடேன்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"சும்மா சொன்னேன்," என்றான்.

"சும்மா சொல்லலை."

அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே ஆஷா புறப்பட்டுத் தயாராக இருந்தாள். செருப்பைப் போட்டாள், கழற்றினாள். பைக்குள் ஃபைல் இருக்கிறதா என்று மூன்றாவது தடவை பார்த்தாள். சூடாமணி வருமுன் போய்விடலாம். ஆனால் நாளைக்கும் ஆறேகால் வரும்.

சூடாமணி வந்தார். முடிநுனியில் ஈரம் சொட்டியது. கிண்ணத்தில் ஊற்றினார்.

"நில்லு. கிழக்கே பாரு."

"அம்மா, லேபுக்குப் போயிட்டு வந்து சாப்டறேன்."

"அதென்ன புதுசா? மூணு தடவை சாப்ட்டுட்டுத்தானே போனே?"

"அதனாலதான் மூணு தடவையும் ஏறித்து."

ஸ்பூன் நடுவில் நின்றது.

"ஒரு கிண்ணத்துலயா?"

ஆஷா கருவியை எடுத்துக் காட்டினாள். "இது நேத்திக்கு நீங்க கொடுக்கறதுக்கு முன்னாடி. எண்பது. இது கொடுத்தப்பறம்."

சூடாமணி கண்ணாடி இல்லாமல் தலையைப் பின்னுக்கு இழுத்து அதைப் பார்த்தார்.

"பிரசாதம் எப்படிடி ஆகாரமாகும்?"

"உள்ளே போனா எல்லாம் ஒண்ணுதாம்மா. பால், சர்க்கரை, அரிசி. இது தெரியாம நான் மூணு வாரம் சோத்தை நிறுத்தினேன். குழந்தை வளரலை. ரெண்டு வாரம் பின்னாடி இருக்காம்."

"அப்போ நான்தான் பண்ணினேன்கறே."

"அப்படிச் சொல்லலை."

கைலாஷ் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றான். "அம்மா, எட்டு மணிக்குச் சாப்ட்டா கிருஷ்ணன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். அவரே வெண்ணெய் திருடித் தின்னவர்தானே."

"நீ பேசாதே, மிண்டாம இரு. செருப்பும் ஹெல்மெட்டுமா பிரசாதத்துக்கு முன்னாடி நிக்கறான்."

அவன் செருப்பைக் கழற்றினான்.

ஆஷா வாயைத் திறக்கவில்லை. சூடாமணியும் கையைத் தாழ்த்தவில்லை. ஸ்பூனிலிருந்து ஒரு சொட்டுத் தரையில் விழுந்தது. சூடாமணி குனிந்து அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். எழுந்திருக்க நேரமானது. கிண்ணத்தை மேடைமேல் வைத்து ஒரு தட்டால் மூடினார்.

"ஏழேகால் டோக்கன்," என்றான் கைலாஷ். "போலாமா?"

ஆஷா பையைத் தோளில் மாட்டினாள். "எட்டரைக்குள்ள வந்துடுவேன்மா. வந்ததும் நீங்களே கொடுங்கோ. இட்லியோட ஒரே ஒரு ஸ்பூன்."

சூடாமணி மூடிய தட்டின்மேல் கையை வைத்திருந்தார். திரும்பவில்லை.

"போன தடவை நான் ஒண்ணுமே வேண்டிக்கலை, கேட்டியா? டாக்டர் சொன்ன அத்தனையும் நீ பண்ணினே. அப்பறம் ஏண்டி அது தங்கலை?"