நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மாலைக் கல்லூரியில் அவருக்குப் "பக்க எண் சார்" என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இலக்கியம் படிப்பதையும் ஆய்வுக் கட்டுரை எழுதுவதையும் ஒரே பாடமாகக் கட்டி அவர் தலையில் வைத்திருந்தார்கள். அதைப் பத்தொன்பது வருடமாகச் சுமந்துகொண்டிருந்தார். எவ்வளவு அருமையான மேற்கோளாக இருந்தாலும், எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எத்தனையாவது பக்கம் என்று கீழே குறிப்பு இல்லாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். போன வருடம் ஒரு மாணவன் இல்லாத புத்தகம் ஒன்றை ஆதாரப் பட்டியலில் சொருகிவிட்டான். அவனை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "இது திருட்டை விட மோசம். திருடறவன்கூட இருக்கிற பொருளைத்தான் எடுக்கிறான்" என்று சொல்லி, பாடத்தை முதலிலிருந்து படிக்க வைத்தார். அந்த வாக்கியம் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், ஆசிரியர் அறையில் நாலு பேரிடம் சொல்லிக் காட்டினார்.

பருவத்தின் நடுவில் ஒரு பயிற்சி உண்டு. பாடத் தொகுப்பில் இருக்கும் கட்டுரைகளிலிருந்து ஒரு மேற்கோளை எடுத்துக்கொண்டு, அது முதலில் அச்சான இடம் வரை போய்ப் பார்த்து, போன கதையை மூன்று பக்கத்தில் எழுத வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பூஜ்யம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடி எடுக்கக்கூடிய மேற்கோளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்வார்கள். அதே தொகுப்பில் பதினோராவது கட்டுரையாக அவர் எழுதியதும் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருவரும் அதன் பக்கம் போனதில்லை. மருந்துக்கடை அக்கா போனாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பகலெல்லாம் மருந்துக் கடையில் நின்று, மருத்துவர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆறு மணிக்கு வகுப்புக்கு வருவாள். தன் வயதில் பாதி இருக்கும் பிள்ளைகள் கூப்பிட்ட "அக்கா" எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், எனக்குப் பூஜ்யம் போட்டுடுங்க."

"எதுக்கும்மா?"

"உங்க கட்டுரையில இருக்கிற மேற்கோளைத்தான் எடுத்தேன். கிடைக்கல."

எந்த மேற்கோள் என்று அவர் கேட்கவே இல்லை. அந்தக் கட்டுரையில் தேடினால் கிடைக்காத மேற்கோள் ஒன்றுதான் இருந்தது.

இருபத்தாறு வயதில், வேலைக்கு அலைந்துகொண்டிருந்த காலத்தில் எழுதிய கட்டுரை அது. யாரும் கண்டுகொள்ளாத ஒரு நாவலாசிரியையைப் பற்றியது. அவருடைய கதைகளில் வரும் அம்மாக்கள் வாயே திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்துக்கு இவர் ஒரு விளக்கம் எழுதிவிட்டார். விளக்கம் நன்றாகவே இருந்தது. முட்டுக்கொடுக்க அந்த நாவலாசிரியையே எழுதிய ஒரு வரி வேண்டியிருந்தது, அதுதான் இல்லை. அவருடைய கடிதத் தொகுப்பை நூலகத்திலிருந்து எடுத்து இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பியும் கொடுத்தாகிவிட்டது. கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் மத்தியானம், 'அவர் இப்படித்தான் சொல்லியிருப்பார்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினார்: "நான் யாரிடம் பேசாமல் இருந்தேனோ, அவர்களுக்காகத்தான் எழுதினேன்." அதன் கீழே, பக்கம் 112 என்று போட்டார். ஏன் நூற்றுப் பன்னிரண்டு? கைக்கு வந்த எண், அவ்வளவுதான். முந்நூறு பிரதி அச்சடித்த புத்தகம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. பரிசைக் காட்டித்தான் இந்த வேலையும் கிடைத்தது. பிறகு அந்த வரிக்குக் கால் முளைத்துவிட்டது. பத்திரிகைகள் போட்டன. அந்த நாவலாசிரியையின் நூற்றாண்டு மலருக்கு முதல் பக்கத்திலேயே அதைத்தான் அச்சடித்தார்கள். ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் அவர் கண்ணைத் திருப்பிக்கொள்வார்.

"சரியாத் தேடினியாம்மா?" என்றார். வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் லட்சணம் அவருக்கே உறைத்தது.

"லீவு போட்டுட்டு நாலு மணி நேரம் பஸ்ல போனேன் சார், அந்தக் கடிதத் தொகுப்பு இருக்கிற நூலகத்துக்கு. நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல கூரை ஒழுகறதும், வெள்ளையடிக்கிறவர் வராததும்தான் இருக்கு. அச்சுல பக்கம் மாறியிருக்கும்னு முழுசாப் படிச்சேன். அப்புறம் அந்த எழுத்தாளரோட மகள் அதே ஊர்லதான் இருக்காங்கன்னு நூலகர் சொன்னார். அங்கேயும் போனேன்."

"மகளா?"

"எண்பது வயசு சார். அவங்ககிட்டயும் ஒரு பிரதி இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்து, அவங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு படிச்சோம். இல்ல. ஆனா அந்த வரி அவங்க வீட்டுச் சுவத்துல சட்டம் போட்டு மாட்டியிருக்கு. நம்ம அம்மா நம்மகிட்ட முகம் கொடுத்துப் பேசினதே இல்லையேன்னு முக்கால்வாசி வாழ்க்கை கோவத்துலயே போச்சாம். இதைப் பத்திரிகையில படிச்ச அன்னைக்குத்தான் கோவம் விட்டுச்சாம். பக்கம் தெரிஞ்சா சொல்லும்மான்னு கேட்டாங்க. என்னால முடியல. நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன்."

அவர் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை, கதவைச் சாத்திவிட்டு இரண்டே வார்த்தையில் முடித்திருக்கலாம். பத்தொன்பது வருடம் பிள்ளைகளைப் படுத்திய மனிதருக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. வந்தது இதுதான்:

"அது... ரெண்டாம் பதிப்புல இருக்கும்."

"ரெண்டாம் பதிப்பு இருக்கா சார்?" அவள் முகம் மலர்ந்தது.

"இருக்கும். கிடைக்கிறது கஷ்டம். நீ அலைய வேண்டாம். உழைப்புக்கு முழு மதிப்பெண் போட்டுடறேன், விடு."

"தேடாம எப்படி சார் மதிப்பெண் வாங்கறது? கடையிலயும் அப்படித்தான், சீட்டுல எழுத்து புரியலைன்னா டாக்டருக்கு போன் போட்டுக் கேட்காம மாத்திரை கொடுக்க மாட்டேன்."

அவள் போய்விட்டாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அதுவும் யாரிடம்? தன்மேல் தப்பு என்று நம்பிக்கொண்டு பூஜ்யம் கேட்டு வந்தவளிடம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போன வருடம் நிறுத்தி வைத்த அந்த மாணவனின் முகம் வேறு வந்து தொலைத்தது.

அடுத்த வியாழக்கிழமை, எல்லோரும் தாங்கள் தேடிய கதையை வகுப்பில் சொல்ல வேண்டிய நாள். ஆறேழு பேர் சொல்லி முடித்தார்கள். அக்கா எழுந்து முன்னால் வந்தாள். கையில் பைல் ஒன்று. நான்கு நூலகங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். கடிதத் தொகுப்பை அச்சடித்த அச்சகத்தின் இப்போதைய முதலாளியைத் தொலைபேசியில் பிடித்திருக்கிறாள். இரண்டாம் பதிப்பு வந்ததாக யாருக்கும் தெரியவில்லை.

"மகள்கிட்ட ரெண்டாம் பதிப்பு இருக்குன்னு சொன்னேன்," என்றாள். "அவங்களுக்குத் தலைகால் புரியல. அம்மா எழுதின கடிதம் இன்னும் கொஞ்சம் அதுல சேர்த்திருப்பாங்க, எனக்கு எழுதினதும் ஒண்ணு இருக்கும்னு தினம் போன் பண்றாங்க. எனக்கு ஒரு கடிதம்கூட எழுதினதில்லைன்னு நினைச்சேனே, எழுதியிருப்பாங்க போலன்னு சொல்றாங்க. ஆனா என்னால கண்டுபிடிக்க முடியல. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். என் தப்புக்குப் பூஜ்யம் போட்டுடுங்க சார்."

பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். "பஸ் காசும் போச்சா அக்கா" என்றான் ஒருவன். அவள் காது மடல் சிவந்து, பைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த அவமானம் மொத்தமும் அவருடையது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அவங்க தப்பு எதுவும் இல்ல," என்றார். "அந்த வரி எந்தப் பதிப்புலயும் கிடையாது. ரெண்டாம் பதிப்புன்னு ஒண்ணே இல்ல. அந்த வரியை எழுதினது நான். என் கட்டுரைக்குத் தேவைப்பட்டது, எழுதிட்டு அந்த எழுத்தாளர் பேரைப் போட்டேன். போன வாரம் கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன். போன வருஷம் ஒருத்தனை இதுக்காகவே இங்கே நிக்க வெச்சேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். முன்வரிசைப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். அவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். ஆனாலும், உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், மனதின் ஒரு மூலையில் லேசாகவும் இருந்தது. சொல்லிவிட்டோம், இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டோம், இதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும் என்றுகூட ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. மனிதரை அந்தப் பெருமை லேசில் விடுவதில்லை.

வகுப்பு கலைந்தது. வழக்கமாக விடை சொல்லிவிட்டுப் போகும் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அக்கா மட்டும் போகவில்லை.

"துறைத் தலைவர்கிட்ட நாளைக்கே எழுதிக் கொடுத்துடறேன்மா," என்றார். "பத்திரிகைக்கும் எழுதறேன். உன்கிட்ட எப்படி மன்னிப்புக் கேட்கிறதுன்னு..."

"என்னை விடுங்க சார். எனக்கு ஒரு நாள் சம்பளம்தான் போச்சு." அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். "ஏழரைக்கு அந்தம்மா கூப்பிடுவாங்க. தினம் நான்தான் இல்லைன்னு சொல்லிட்டிருந்தேன். இன்னைக்கு என்னால முடியாது."

அவர் கையை நீட்டவில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். கடிதமாக எழுதிவிடலாமே என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் அது அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்.

"என்னம்மா, புத்தகம் கிடைச்சிடுச்சா?" மூச்சு வாங்கிய குரல், ஆனால் உற்சாகம் குறையவில்லை. "எனக்கு எழுதினது ஏதாவது இருக்கா?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"நான் அந்தப் பொண்ணோட வாத்தியார் பேசறேங்க," என்றார். "இல்லைங்கம்மா. உங்க சுவத்துல இருக்கிறதும் உங்க அம்மா எழுதினது இல்ல."