ஐட்லிங் நிற்காத வண்டி

அலர்மேல் மூன்றாவது முறையாக வண்டியைக் கொண்டுவந்தபோது, அவள் முகத்தைப் பார்க்கவே மெக்கானிக் உமாபதிக்குக் கூச்சமாக இருந்தது. திருப்பதியிலிருந்து தினமும் தானே ஓட்டிக்கொண்டு புத்தூருக்கு வந்து, ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள் அவள். வண்டி நான்கு வருடம் ஓடிய டர்போ பெட்ரோல் கார். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ நின்றால் போதும், இஞ்சின் தள்ளாட ஆரம்பித்துவிடும். இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் அறுநூறுக்கு இறங்கும், ஆயிரத்து நூறுக்கு ஏறும், மறுபடி இறங்கும். ஏசி போட்டிருந்தால் அப்படியே அணைந்துபோகும்.

முதல் தடவை உமாபதி பிளக் நான்கையும் மாற்றினான். இரண்டாம் தடவை இஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் பாடியைக் கழற்றி, கரி போகத் துடைத்து மாட்டினான். ஸ்கேனரில் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எங்கோ ஓர் ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று அதற்கு அர்த்தம். அது அவனுக்கும் தெரியும். அதைக் கண்டுபிடிக்க அவனிடம் ஒரு முழ நீள ரப்பர் குழாய் இருந்தது. ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு மறு நுனியை இஞ்சினின் ஒவ்வோர் இணைப்பாகக் கொண்டுபோவான். ஓட்டை இருக்கும் இடத்தில் உஸ்ஸென்று கேட்கும். இருபது வருடமாக அவன் பெயர் எடுத்ததே அந்தக் குழாயால்தான். சித்தூரிலிருந்துகூட வண்டிகள் புத்தூரில் அவன் ஷெட்டைத் தேடி வந்தன.

"லீக் எதுவும் இல்லீங்க மேடம். ரெண்டு வாட்டி கேட்டுட்டேன்," என்றான்.

"எனக்குக் கேட்கறதே உமாபதி. நிக்கறச்சே ஸ்ஸுன்னு ஒரு சத்தம். ஓட ஆரம்பிச்சா நின்னுடறது."

அவன் பானெட்டுக்குள் மறுபடி குனிந்தான். இஞ்சினின் உறுமல் கேட்டது. பெல்ட் ஓடுவது கேட்டது. ஃபேன் கேட்டது.

"அது ஃபேன் சத்தம் மேடம். காத்த அளக்கற சென்சார்தான் பொய் சொல்லிக்கினு இருக்குது. மாத்திட்டா சரியாப் பூடும்."

அவன் சொன்ன தோரணையில் அவள் சாவியைக் கொடுத்துவிட்டாள். புது சென்சார் போட்டதும் முள் அரைமணி நேரம் அசையாமல் நின்றது. உமாபதிக்கு உயிர் வந்தது. வண்டியை அனுப்பிவைத்தான்.

ஐந்தாம் நாள் காலையில் வடமாலப்பேட்டை தாண்டி, சாலையின் மறுபக்கம் இருந்த பெட்ரோல் பங்குக்குப் போக அலர்மேல் டிவைடர் இடைவெளியில் வண்டியை நிறுத்தித் திருப்பினாள். பாதிச் சாலையில் இஞ்சின் அணைந்துபோனது. அவள் மறுபடி ஸ்டார்ட் செய்வதற்குள், எதிர்ச்சாரியில் வந்த டிப்பர் லாரி பிரேக் போட்டும் நிற்காமல் இடதுபக்கம் இடித்தது. அவளுடைய இடது முன்கை இரண்டு இடத்தில் முறிந்தது.

அவள் கணவர் கோவர்தன்தான் போன் செய்தார். திருப்பதியில் பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர் அவர். "வண்டிய உங்க ஷெட்டுக்கே இழுத்துண்டு வரச் சொல்லியிருக்கேன். என்ன கோளாறுன்னு நீங்களே சொல்லுங்கோ," என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று உமாபதிக்குத் தோன்றியது.

ஒரு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். புத்தூர்க் கட்டாக மூங்கில் தப்பை வைத்துக் கட்டிய கையை அலர்மேல் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். வண்டியின் இடது பின்கதவு நசுங்கியிருந்ததே தவிர, சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அறுநூறு, ஆயிரத்து நூறு, அறுநூறு.

"இதோ, அதே சத்தம். ஏன்னா, உங்களுக்குக் கேட்கறதா?" என்று கணவரைக் கேட்டாள்.

"நன்னா கேட்கறதே. பாம்பு சீறறா மாதிரி," என்றார் கோவர்தன்.

உமாபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஃபேன் வயரைப் பிடுங்கினான். குழாயைக் காதில் அழுத்திக்கொண்டு இஞ்சினைச் சுற்றி வந்தான். எதுவும் கேட்கவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடை லோகேஸ்வரனைக் கூப்பிட்டான். அவன் ஈரக் கையோடு வந்து நான்கடி தள்ளியே நின்றான்.

"உனுக்கு இன்னா கேக்குது?"

"உஸ்ஸுன்னுதுபா. அதோ, பின்னாடி அடியில. இன்னாபா, உனுக்குக் கேக்கலியா?"

உமாபதி பானெட்டுக்குள் குனிந்தான். லோகேஸ்வரன் காட்டிய இடத்தில் கையை விட்டுத் தடவினான். இஞ்சினின் ஆவியை உள்ளே இழுக்கும் குழாயில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. விரலை வைத்ததும் குழாய் விரலை உறிஞ்சிப் பிடித்தது. முள் எழுநூற்றைம்பதில் நின்றது. எடுத்தான், தள்ளாடியது. வைத்தான், நின்றது. வண்டி வேகமாக ஓடும்போது டர்போ காற்றைத் தள்ளுவதால் அந்தக் குழாயின் வால்வு மூடிக்கொள்ளும். நிற்கும்போது மட்டும் வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகும். அவ்வளவுதான் கோளாறு.

அவன் இஞ்சினை அணைத்தான்.

"மேடம், அந்தச் சத்தம் எனக்குக் கேக்கலீங்க."

"அன்னிக்கும் கேட்கலையா?"

"அன்னிக்கும் கேக்கல. கேக்கலன்றதே எனக்குத் தெரியாது."

அலர்மேல் அவன் பக்கம் திரும்பினாள். "எனக்குக் கேட்டதுன்னு சொன்னேனே. அதையாவது நம்பியிருக்கலாமே உமாபதி," என்றாள்.

அவன் பானெட்டை மூடினான். மறுநாள் வேறொரு மெக்கானிக்கின் ஆட்கள் வந்து வண்டியை இழுத்துப்போனார்கள்.

திருப்பதியில் காது டாக்டர் அவனை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னாள். தடித்த சத்தங்களுக்கு அழுத்தினான். பிறகு அமைதியாகிவிட்டது. இடையில் ஏதோ நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தான். டாக்டர் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றாள். அவன் சும்மா உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும் மெல்லிய சத்தங்கள் போய்க்கொண்டுதான் இருந்தனவாம்.

"எந்த ஊர்?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"நகரி."

"வீட்டில் பவர்லூமா?"

பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தேன் என்றான். காதைக் கெடுத்தது அந்தச் சத்தம்தான் என்றாள். போனது திரும்பாது என்றாள். காது மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும், அவன் வேலைக்கு அது உதவுமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள்.

நகரியில் வீட்டை அடைந்தபோது மனைவி ஜெயம்மா இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்று அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அந்த வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். அவன் கத்திச் சொல்ல விரும்பவில்லை. இரண்டு தறிகளையும் நிறுத்தினான்.

"எதுக்கு நிறுத்துன? சாயங்காலம் கரண்டு பூடும்," என்று அவள் பதறினாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அந்தம்மாவின் கை, குழாய் வெடிப்பு, கண்ணாடி அறை. அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒரு வருசமா குக்கர் விசில் கேக்கறதில்ல," என்றாள். "ஆவி வர்றதப் பாத்துதான் எறக்கறேன்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப?"

இனி ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் பிரேக்கும் கிளச்சும் மட்டும் பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதான் என்றான். சொல்லும்போதே, அதற்கு யாரும் வரமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு சேலை கொடுத்தாக வேண்டும் என்று ஜெயம்மா சொன்னாள். பிறகு ஒரு தறியின் சுவிட்சைப் போட்டாள், அடுத்ததையும் போட்டாள். உமாபதி அவளைத் தடுக்கவில்லை.