பத்து மாதக் கணக்கு

மேலிடத்துக் கடிதம் இரண்டே வரிதான். போன வருடம் முழுக்க ஒன்பது பெண்களுக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில், இந்த வருடம் ஆடி பிறப்பதற்குள் முப்பத்தொன்று. காரணம் என்ன?

அகத்தா காலையிலிருந்து பிரசவப் பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பீடோங் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பதினோரு வருடமாக இங்கே நர்ஸ்; எல்லாருக்கும் மிஸ்ஸி. சுகப்பிரசவத்தை நீல மையிலும் ஆபரேஷனைச் சிவப்பு மையிலும் எழுதுவது அந்த வார்டின் வழக்கம். புரட்டப் புரட்டச் சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது.

சிவப்பு வரிகளில் டவுன் பெண்கள் அரிது. அநேகமாக எல்லாரும் எஸ்டேட் பெண்கள். காரணத்துக்கான கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒரே வாசகம்: காலம் கடந்துவிட்டது, குழந்தை வளரவில்லை. எடை இரண்டு கிலோ, ஒன்றே முக்கால், இரண்டு. மூன்று வரிகளின் ஓரத்தில் சின்னதாகச் சிலுவை. இறந்த பிள்ளைகளுக்கு அவளே போட்டது.

அந்த மூன்று பிள்ளைகளின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. விரல் நுனியைத் தொடாத நகங்கள். காலம் கடந்த பிள்ளைக்கு நகம் வளர்ந்திருக்க வேண்டாமா?

பழைய டாக்டர் தமிழ் அறிந்தவர். பெண்களிடம் தானே கேட்பார். தை மாதம் வந்த புது டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அகத்தா கேட்டு மலாயில் எழுதும் கார்டுதான் அவருக்கு எல்லாம்.

வெளியே தள்ளுவண்டி உருண்டது. புக்கிட் செலம்பாவ் எஸ்டேட் பிரேமாவதியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மாமியார் செல்லாயி பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மென்றாள். அகத்தா எழுந்து அவளிடம் போனாள்.

"ஆத்தா, மருமகளுக்கு எத்தன மாசம்?"

"விடியக்கால நீதான மிஸ்ஸி எழுதுன? பத்து மாசம் லா. அதுக்குள்ள மறந்துட்டியா?"

"அவ கடைசியா தூரம் வந்து தலைக்குக் குளிச்சது எப்போ?"

"ஐப்பசி முடிய மூணு நாள் இருக்கப்ப." செல்லாயி விரலை மடக்கினாள். "ஐப்பசி ஒண்ணு, கார்த்திக ரெண்டு, மார்கழி மூணு..." ஒவ்வொரு மாதமாக வந்தாள். "ஆனி ஒம்போது. நேத்து ஆடி பொறந்துருச்சு, பத்து. இதுகூடத் தெரியாமயா வெள்ளச் சட்ட போட்டிருக்க?"

அகத்தாவும் விரலை மடக்கினாள். மூன்று நாள் மிச்சமிருந்த ஐப்பசிக்கு ஒரு மாதம். நேற்றுப் பிறந்த ஆடிக்கு ஒரு மாதம். இரண்டையும் கழித்தால் எட்டு மாதமும் சில நாளும்.

டவுன் பெண்கள் தேதி சொல்வார்கள். எஸ்டேட் பெண்கள் இப்படித்தான் எண்ணுவார்கள். ஒன்பது மாதம் முடிந்தால் பிள்ளை பிறக்க வேண்டும் என்று கணக்கிடும் டாக்டருக்கு, அவர்கள் சொன்ன பத்தை அப்படியே மலாயில் எழுதிக் கொடுத்தது அவள் கை.

ஆபரேஷன் அறைக் கதவு மூடியிருந்தது. சொன்னால் இந்த ஒரு பிள்ளையோடு முடியாது. மூன்று சிலுவைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவள் நின்றாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. டாக்டர் கை கழுவி முடித்துவிட்டார்.

கதவைத் தள்ளினாள். பத்து இல்லை, எட்டு மாதம்தான் என்று விரல் கணக்கைச் சொன்னாள்.

டாக்டர் கார்டை வெகுநேரம் பார்த்தார். யார் கையெழுத்து என்று மட்டும் கேட்டார்.

"என்னுடையது."

தள்ளுவண்டி திரும்பி வந்தது. செல்லாயி எழுந்து வந்து வழி மறித்தாள். "எதுக்கு லா திருப்பிக் கொண்டாந்துட்டீங்க? எம்பேரப்புள்ளைக்கு எதாச்சும் ஆச்சு, ஒன்ன சும்மா விடமாட்டேன்!"

அகத்தா மேசைக்குப் போய்ப் பழைய கார்டுகளை எடுத்தாள். முதல் சிலுவை: பிச்சையம்மாள், கரங்கான் எஸ்டேட். பத்து மாதம். தன் உருண்டையான எழுத்து.

பதில் கடிதத்தில் காரணம் கேட்ட இடத்தில் முதலில் தன் பெயரை எழுதினாள். அடுத்த கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு வாசலில் எஸ்டேட் லாரி ஒன்று வந்து நின்றது.